சிங்கப்பூர் மின்ஸ்கூட்டர் தடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019 நவம்பரில் சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர்களை நடைபாதையில் ஓட்டக்கூடாது என்று ஒரே நாளில் சட்டம் வந்தது. வருடங்கள் ஓடிவிட்டன, ஆனாலும் இந்தப் பேச்சை எடுத்தால் குடும்ப விருந்தில்கூட இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. "இப்போதுதான் நிம்மதியாக நடக்கிறோம்" என்பவர்கள் ஒரு பக்கம், "எத்தனை பேர் பிழைப்பில் மண் விழுந்தது தெரியுமா" என்பவர்கள் இன்னொரு பக்கம். ஊரிலிருந்து புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் கேட்பதோ வேறு: வாங்கலாமா, ஓட்டலாமா, மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

எந்த ஸ்கூட்டரைச் சொல்கிறீர்கள்? ஓலா, ஏத்தர் மாதிரியா?

இல்லை. அவை உட்கார்ந்து ஓட்டுகிற, நம்பர் பிளேட்டோடு சாலையில் போகிற வண்டிகள். இங்கே பேசுவது நின்றுகொண்டு ஓட்டுவது. கால் வைக்க ஒரு பலகை, சின்னதாக இரண்டு சக்கரம், நிமிர்ந்த கைப்பிடி, பலகைக்கு அடியில் பேட்டரி. சிலர் இருக்கை பொருத்திக்கொள்வார்கள். சட்டப்படி இதன் எடை 20 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, அகலம் 70 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாதபடி வண்டியே செய்யப்பட்டிருக்க வேண்டும். சாலையில் ஓட்ட அனுமதி எப்போதுமே கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வந்த சண்டை முழுவதும் புரியும்.

2019 நவம்பரில் என்னதான் நடந்தது?

நவம்பர் 4, திங்கட்கிழமை. அப்போதைய போக்குவரத்து மூத்த துணை அமைச்சர் லாம் பின் மின் நாடாளுமன்றத்தில் அறிவித்தார்: நாளையிலிருந்து நடைபாதையில் மின்ஸ்கூட்டர் ஓட்ட முடியாது. மறுநாள் நவம்பர் 5, சட்டம் நடப்புக்கு வந்துவிட்டது. டிசம்பர் கடைசி வரை பெரும்பாலும் எச்சரித்து அனுப்புவோம், 2020 ஜனவரி 1 முதல் விட்டுக்கொடுப்பே கிடையாது என்றார்கள். பிடிபட்டால் 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மிச்சம் இருந்தது சைக்கிள் பாதைகளும் பூங்கா இணைப்புப் பாதைகளும்தான். அப்போது அவை தீவு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 440 கிலோமீட்டர். நடைபாதைகளோ சுமார் 5,500 கிலோமீட்டர். அதாவது திங்கட்கிழமை வரை போய்வந்த வழியில் பெரும்பகுதி செவ்வாய்க்கிழமை காலையில் இல்லை. 440 கிலோமீட்டரும் தொடர்ச்சியாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. சைக்கிள் பாதை அழகாக வரும், ஒரு பேருந்து நிறுத்தத்துக்கு முன்னால் நின்றுவிடும், அதற்கப்புறம் வெறும் நடைபாதை. இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

அப்படியானால் நடைபாதையில் ஓட்ட முதலில் யார் அனுமதித்தார்கள்?

அரசுதான். எல்லாரும் மறந்துபோகும் விஷயம் இது. "நடைபாதையை ஆக்கிரமித்தார்கள்" என்று ஓட்டுநர்களைத் திட்டுகிறவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2015இல் ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார்கள். காரைக் குறைத்து, நடை, சைக்கிள், இந்த மாதிரிச் சின்ன வாகனங்களை வளர்க்க வேண்டும் என்பது அன்றைய நோக்கம். வீட்டிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் அந்தக் கடைசி ஒரு கிலோமீட்டரை எப்படிக் கடப்பது என்ற கேள்விக்கு மின்ஸ்கூட்டர் நல்ல பதிலாகத் தெரிந்தது. 2017 ஜனவரியில் இந்தச் சின்ன வாகனங்களுக்கான ஆக்டிவ் மொபிலிட்டி சட்டம் நிறைவேறியது, 2018 மே மாதம் நடப்புக்கு வந்தது. நடைபாதையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகலாம் என்றது சட்டம்.

வண்டிகள் பெருகின. 2019 பிப்ரவரியில் அந்த வேகத்தை 10 ஆகக் குறைத்தார்கள். அதே ஆண்டு ஜனவரியிலிருந்து ஜூலைக்குள் எல்லா மின்ஸ்கூட்டரையும் பதிவு செய்யச் சொன்னார்கள், கட்டணம் 20 வெள்ளி, ஒட்டும் எண் தந்தார்கள். கிட்டத்தட்ட ஒரு லட்சம் வண்டிகள் பதிவாயின. செப்டம்பர் 1 முதல் ஆளும் மக்கள் செயல் கட்சியின் 15 நகர மன்றங்களும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலும் பொது நடைவழியிலும் ஓட்டத் தடை போட்டன. இப்படிப் படிப்படியாக இறுக்கிக்கொண்டே வந்ததால், பணம் கட்டிப் பதிவு செய்த ஒருவர் "சரி, இனி சட்டப்படி ஓட்டினால் போதும்" என்று நம்பியதில் தப்பே இல்லை. நான்கு மாதம் கழித்து முழுத் தடை வரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எச்சரிக்கை அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஆகஸ்டில், நடத்தை மாறாவிட்டால் தடை வரலாம் என்று நாடாளுமன்றத்தில் பேச்சு வந்தது. ஆனால் "வரலாம்" என்பதற்கும் "நாளைக்கு" என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது!

நடப்பவர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்? கொஞ்சம் மிகைப்படுத்தவில்லையா?

இல்லவே இல்லை. வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் வாழ்ந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எங்கள் வட்டாரத்தில் பழைய நடைபாதை ஒன்றரை மீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. அதில் ஒரு பாட்டி சந்தையிலிருந்து சக்கரக் கூடையை இழுத்துக்கொண்டு வருகிறார், எதிரே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர், பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு ஸ்கூட்டர். மோட்டார் சைக்கிள் என்றால் சத்தம் கேட்டு ஒதுங்கலாம், இது காதுக்கருகில் வந்த பிறகுதான் தெரியும். எங்கள் மாடி ஆண்ட்டி ஒருவர், லிஃப்ட்டிலிருந்து வெளியே வந்து நடைபாதையில் கால் வைக்கும் முன் தூணுக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார். சாலையைக் கடக்கும்போதுகூட அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. சொந்த புளோக் வாசலில் ஒரு முதியவர் இப்படி நிற்க வேண்டியிருப்பது எந்த நியாயத்திலும் சேராது.

எண்ணிக்கையும் இருக்கிறது. 2017, 2018 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்துப் பொதுப் பாதைகளில் இந்த வகைச் சாதனங்கள் சம்பந்தப்பட்டு 228 விபத்துகள் புகார் செய்யப்பட்டன, அவற்றில் 196 காயத்தில் முடிந்தன. உரசிவிட்டு மன்னிப்புக் கேட்டுப் போனது, விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்து தைலம் தேய்த்துக்கொண்டது எல்லாம் இந்தக் கணக்கில் வராது.

பிடோக் விபத்துதான் தடைக்குக் காரணமா?

பெரிய திருப்புமுனை அதுதான். 2019 செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் மின்ஸ்கூட்டருடன் மோதி, சில நாளில் மருத்துவமனையில் இறந்துபோனார். ஓட்டியவருக்கு 20 வயது. அதுவரை எரிச்சலாக இருந்தது, அதற்கப்புறம் ஆத்திரமாக மாறியது. தடை கேட்டு இணையத்தில் போட்ட மனுவில் பல்லாயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த விபத்தில் சிக்கிய வண்டி விதிமுறைக்கு உட்பட்ட வண்டியே அல்ல. அன்றைய சட்டப்படியே அது பொதுப் பாதையில் வந்திருக்கக் கூடாது. அடுத்த கேள்வி இதிலிருந்துதான் கிளம்புகிறது.

தப்பு செய்தவர்களை மட்டும் பிடித்திருக்கலாமே? எல்லாரையும் ஏன் தண்டிக்க வேண்டும்?

ஓட்டுநர்கள் அன்றைக்கு எழுப்பிய கேள்விகளிலேயே வலுவானது இதுதான். மோட்டாரை மாற்றி, பேட்டரியைப் பெரிதாக்கி, ஐம்பது அறுபது வேகத்தில் பறந்த ஒரு கூட்டம் இருந்தது உண்மை. அவர்களுக்குப் பழைய சட்டமும் ஒன்றுதான், புதிய சட்டமும் ஒன்றுதான். பத்து கிலோமீட்டர் வேகத்தில், தலைக்கவசத்தோடு, ஆள் வந்தால் இறங்கி நின்றவர்தான் சொன்ன நாளிலேயே வண்டியை மூலையில் வைத்தார்.

ஆனாலும் நான் அரசு சொன்ன காரணத்தைத் தள்ளிவிட மாட்டேன். 5,500 கிலோமீட்டர் நடைபாதையில் எத்தனை அதிகாரிகளை நிறுத்துவது? 10 வேகமா 16 வேகமா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கருவி வேண்டும். நடைபாதையில் ஓட்டினாலே குற்றம் என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும், கண்காணிப்புக் கேமராவில்கூடத் தெரியும். அப்புறம் இன்னொன்று, எல்லாரும் ஒழுங்காக 10 வேகத்தில் போனாலும் ஒன்றரை மீட்டர் நடைபாதையில் இடம் போதாது. முதியவர் நடப்பது மணிக்கு மூன்று நான்கு கிலோமீட்டர். வேகத்தில் மூன்று மடங்கு வித்தியாசம் உள்ள இரண்டு பேரை அந்த அகலத்தில் விட்டால் ஒருவர் எப்போதும் ஒதுங்கியே நடக்க வேண்டியிருக்கும், அந்த ஒருவர் நடப்பவராகத்தான் இருப்பார்.

உணவு விநியோகிப்பவர்கள் என்ன ஆனார்கள்?

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் "வேறு வேலை பார்க்க வேண்டியதுதானே" என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கிராப், டெலிவரூ, ஃபுட்பாண்டா மூன்றுக்கும் சேர்த்து மின்ஸ்கூட்டரில் உணவு கொண்டுபோனவர்கள் சுமார் 7,000 பேர் என்று அரசே சொன்னது. அவர்கள் ஏன் ஸ்கூட்டரைப் பிடித்தார்கள்? உரிமம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சிஓஇ (வண்டி வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்று) வேண்டாம். மோட்டார் சைக்கிள் என்றால் 18 வயது ஆகியிருக்க வேண்டும், 2பி உரிமத்துக்கு வகுப்பு, தேர்வு என்று மாதக்கணக்கில் போகும், சிஓஇக்கே பல ஆயிரம் வெள்ளி போகும். சைக்கிள் என்றால் செலவில்லை, ஆனால் இந்த வெயிலில், மதிய நேர அவசரத்தில், முதுகில் பெரிய பையோடு மிதிப்பதை நினைத்துப் பாருங்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, கொண்டுபோய்க் கொடுக்கும் ஆர்டருக்குத்தான் காசு. வேகம் பாதியானால் வருமானமும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். முட்டி வலி உள்ளவர், வயதானவர், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு நடுவில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் ஓடுகிறவர், இவர்களெல்லாம் சைக்கிளுக்கு மாறவே முடியாதவர்கள்.

என்னிடம் ஒரு தம்பி சொன்னது: "அக்கா, முந்தாநாள்தான் புது வண்டிக்குத் தவணை கட்டினேன். நேற்று நாடாளுமன்றத்தில் சொல்கிறார்கள், இன்றைக்கு அதை நடைபாதையில் எடுத்தால் குற்றமாம். தவணையை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை." பதில் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்த வாரத்தில் கூட்டம் கூட்டமாக நாடாளுமன்ற உறுப்பினர்களின் மக்கள் சந்திப்புக்குப் போனார்கள். பல இடங்களில் புளோக்கின் கீழ்த்தளத்தில் வரிசை நீண்டு நின்றது. ஊர்வலம், மறியல் எல்லாம் எளிதில் நடக்காத நாடு இது. இங்கே வேலை முடிந்த கையோடு, சீருடையோடு, அத்தனை பேர் வந்து உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை. தடையை நீக்கச் சொல்லி அவர்கள் பக்கத்திலிருந்தும் மனு போட்டார்கள், அதிலும் பல ஆயிரம் கையெழுத்து. அவர்கள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை: உரிமம் கொடுங்கள், தேர்வு வையுங்கள், காப்பீடு கட்டச் சொல்லுங்கள், வேகத்தைக் குறையுங்கள், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

அரசு மானியம் கொடுத்ததே?

கொடுத்தது. நவம்பர் 8ஆம் தேதி, அதாவது தடை வந்து நான்காவது நாள், 70 லட்சம் வெள்ளி திட்டம் ஒன்றை அறிவித்தார்கள். அந்த மூன்று நிறுவனங்களும் அதில் பங்கு போட்டன. மின்ஸ்கூட்டரைக் கொடுத்துவிட்டுச் சைக்கிள் வாங்கினால் 600 வெள்ளி வரை, மின்சைக்கிள் வாங்கினால் 1,000 வெள்ளி வரை.

உதவி உதவிதான், பலர் அதை வைத்து மாறிக்கொண்டார்கள். ஆனால் அங்கீகரிக்கப்பட்ட மின்சைக்கிள் பல கடைகளில் 1,000 வெள்ளிக்கு மேல். தவிர மின்சைக்கிளும் நடைபாதையில் போக முடியாது; சாலையில் அல்லது சைக்கிள் பாதையில்தான். நடைபாதையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தவரை பேருந்துக்கும் லாரிக்கும் நடுவில் இறக்கிவிட்டோம் என்று அர்த்தம். மகன் சாலையில் மின்சைக்கிள் ஓட்டுகிறான் என்று தூக்கம் வராத அம்மாக்களை எனக்குத் தெரியும்.

எனக்குப் புரியாதது வரிசை மட்டும்தான். இந்த மானியத்தை முதலில் அறிவித்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ கொடுத்து, பிறகு தடையைக் கொண்டுவந்திருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

புல்தரையில் ஓட்டினார்கள் என்று படித்தேனே, உண்மையா?

உண்மை. நடைபாதையில்தானே கூடாது என்று சிலர் பக்கத்துப் புல்லில் ஓட்டினார்கள். மழை பெய்த மறுநாள் புல்லுக்கு நடுவில் சேற்றுக்கோடு நீளமாகத் தெரியும். அதுவும் கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் சொல்லிவிட்டது. குறும்புக்காகச் செய்தவர்களும் உண்டு, ஆர்டரை நேரத்துக்குக் கொடுக்க வேறு வழி தெரியாமல் செய்தவர்களும் உண்டு.

தீ விபத்துக்கும் இந்தத் தடைக்கும் என்ன சம்பந்தம்?

இது தனிக் கதை, ஆனால் மக்கள் மனதில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. மலிவான பேட்டரி, பொருந்தாத சார்ஜர், இரவெல்லாம் செருகியே வைப்பது, இதனால் வீடுகளில் தீப்பிடிப்பது அதிகமானது. 2019 ஜூலையில் புக்கிட் பாத்தோக்கில் இந்த வகைச் சாதனங்களோடு தொடர்புடைய தீயில் ஒருவர் உயிரிழந்தார். அடுக்குமாடியில் வாசலை ஒட்டித்தான் எல்லாரும் சார்ஜ் போடுவார்கள், தீப்பிடித்தால் வெளியே ஓடும் வழியே அடைபட்டுவிடும்.

இதற்காக யூஎல் 2272 என்ற பாதுகாப்புத் தரத்தைக் கட்டாயமாக்கினார்கள். 2019 ஜூலை முதல் அந்தச் சான்று உள்ளதைத்தான் கடையில் விற்கலாம். சான்று இல்லாததை 2021 தொடக்கம் வரை ஓட்டலாம் என்று முதலில் சொல்லி, பிறகு காலக்கெடுவை 2020 ஜூலை 1க்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார்கள். பதிவான வண்டிகளில் மிகப் பெரும்பாலானவை சான்று இல்லாதவை. சீக்கிரம் ஒப்படைத்தால் 100 வெள்ளி என்று ஊக்கத்தொகையும் இருந்தது.

இந்த நடவடிக்கையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பேட்டரி விஷயத்தில் இன்னும் முன்னாலேயே கடுமையாக இருந்திருக்கலாம்.

கடைக்காரர்கள்?

நல்ல அடி. ஜூலையில் யூஎல் 2272 கட்டாயம் என்றதால் பழைய சரக்கை ஒதுக்கிவிட்டு, விலை கூடிய சான்றிதழ் வண்டிகளை இறக்கியிருந்தார்கள். அரசு சொன்னபடி செய்தவர்கள் கையில்தான் சரக்கு அதிகம். நவம்பரில் ஓட்ட இடமே இல்லை என்றானதும் யார் வாங்குவார்கள்? பலர் கடையை மூடினார்கள், சிலர் மின்சைக்கிளுக்கு மாறினார்கள். தெருவில் வாடகைக்கு விடும் பகிர்வு ஸ்கூட்டருக்கு உரிமம் கேட்டிருந்த நிறுவனங்களின் விண்ணப்பங்களும் அத்தோடு போயின.

லாம் பின் மின் தேர்தலில் தோற்றது இந்தத் தடையாலா?

2020 ஜூலை பொதுத் தேர்தலில் செங்காங் குழுத்தொகுதியில் (ஒருவருக்குப் பதில் ஓர் அணியையே தேர்ந்தெடுக்கும் தொகுதி) அவர் இருந்த ஆளும் கட்சி அணி எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியிடம் தோற்றது. அன்றைக்கே "ஸ்கூட்டர் ஓட்டுநர்கள் பழி தீர்த்துக்கொண்டார்கள்" என்று பேச்சு கிளம்பியது. எனக்கு அது அவசர முடிவாகத்தான் படுகிறது. செங்காங் புதிதாக உருவான குழுத்தொகுதி, இளம் குடும்பங்கள் நிறைந்த இடம், நான்கு வேட்பாளர்கள் சேர்ந்த அணி, கோவிட் காலத்துத் தேர்தல். அந்த இளம் குடும்பங்களிலேயே தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு தடையை வரவேற்ற பெற்றோரும் இருந்தார்கள். கோபம் இருந்தது, சில வாக்குகள் மாறியிருக்கும், அவ்வளவுதான் சொல்லலாம்.

மற்ற ஊர்களில் என்ன செய்தார்கள்? பாரிஸிலும் தடையாமே?

பாரிஸ் கதை வேறு. அங்கே பிரச்சினை வாடகை ஸ்கூட்டர். லைம், டாட், டியர் என்ற மூன்று நிறுவனங்களின் சுமார் 15,000 வண்டிகள் நகரத்தில் இருந்தன, போகிறவர்கள் போகிற இடத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். 2023 ஏப்ரல் 2ஆம் தேதி நகராட்சி மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் 89 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், செப்டம்பர் 1 முதல் வாடகை ஸ்கூட்டர் இல்லை. ஆனால் வாக்களிக்க வந்தவர்களோ மொத்த வாக்காளர்களில் எட்டு சதவீதம்கூட இல்லை. தினமும் ஸ்கூட்டரில் போன இளைஞர்கள் பெரும்பாலும் வரவில்லை, நடைபாதையில் தடுக்கி விழுந்தவர்கள் வரிசையில் நின்றார்கள் என்று தோல்வியடைந்த தரப்பு சொன்னது. சொந்த ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் பாரிஸில் இன்றும் ஓட்டலாம், நடைபாதையில் மட்டும் கூடாது. சாலையில் சைக்கிளுக்கான தடத்தில் போகலாம்.

ஒப்பிட வேண்டியது இதைத்தான். ஐரோப்பிய நகரங்கள் பல நடைபாதையைத் தடுத்தன, ஆனால் சாலை ஓரத்தையோ சைக்கிள் தடத்தையோ திறந்துவிட்டன. சிங்கப்பூர் சாலையையும் மூடி நடைபாதையையும் மூடியது.

சரி, இன்றைக்கு சிங்கப்பூரில் மின்ஸ்கூட்டர் ஓட்டலாமா? வேலை அனுமதியில் வந்திருக்கிறேன், பழையது ஒன்று மலிவாகக் கிடைக்கிறது.

ஓட்டலாம், ஆனால் வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள். வண்டிக்கு யூஎல் 2272 சான்று வேண்டும், ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும், உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். உங்களுக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி முதல் எழுத்துத் தேர்வில் தேறாமல் ஓட்டக்கூடாது. இவ்வளவும் இருந்தாலும் ஓட்டும் இடம் சைக்கிள் பாதையும் பூங்கா இணைப்புப் பாதையும் மட்டும், அங்கே வேகம் 25க்குள்.

"பேட்டரி மாற்றியது, நல்லாப் பறக்கும்" என்று யாராவது விற்க வந்தால் தொடவே தொடாதீர்கள். மலிவு என்பதற்காக வாங்கி, பிடிபட்டு, வண்டியும் போய், நீதிமன்றமும் ஏறி, கடைசியில் வேலை அனுமதிக்கே சிக்கல் வந்துவிடக் கூடாது. தங்கும் விடுதியில் சார்ஜ் போட அனுமதி உண்டா என்பதையும் முதலில் கேளுங்கள். பன்னிரண்டு பேர் படுக்கும் அறையில் ஒரு பேட்டரி வெடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. விடுதியிலிருந்து வேலையிடம் வரை சைக்கிள் பாதை இல்லாவிட்டால், மனசாரச் சொல்கிறேன், சாதாரண சைக்கிளே போதும். அது நடைபாதையிலும் போகலாம், 10 வேகத்துக்குள்.

ஒற்றைச் சக்கர வண்டி, ஹோவர்போர்டு இதெல்லாம்?

அவற்றுக்கும் 2020 ஏப்ரலில் நடைபாதைத் தடை வந்துவிட்டது.

அப்படியென்றால் நடைபாதையில் இன்னும் மோட்டார் வண்டிகளைப் பார்க்கிறேனே?

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் முதியோருக்கும் உடல் இயலாதோருக்குமான மூன்று, நான்கு சக்கர நடமாட்ட உதவிச் சாதனங்கள். அவற்றுக்கு நடைபாதையில் அனுமதி உண்டு, இருக்கவும் வேண்டும். ஸ்கூட்டர் போனதும் நன்றாக நடக்கக்கூடிய சிலரும் இதில் ஏறிக்கொண்டு விரைய ஆரம்பித்தார்கள், சிலர் உணவு விநியோகமும் செய்தார்கள். புகார் பெருகவே, 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வேக வரம்பு 10லிருந்து 6 ஆகிறது, மருத்துவத் தேவை இருப்பதாகச் சான்று வேண்டும்.

நோக்கம் சரிதான். ஆனால் முட்டி தேய்ந்து, சான்றிதழுக்காக மறுபடி பாலிகிளினிக் (அரசு மருந்தகம்) வரிசையில் உட்கார வேண்டிய தாத்தாவுக்கு அந்தச் சான்று எளிதாகக் கிடைக்க வேண்டும். ஏமாற்றியவர்களுக்காக அவர் அலையக்கூடாது.

நீங்கள் தடையை ஆதரிக்கிறீர்களா, எதிர்க்கிறீர்களா?

நடைபாதை நடப்பவர்களுக்கே என்பதை ஆதரிக்கிறேன். அதைச் செய்த விதத்தை ஆதரிக்கவில்லை. பாதை போட்டுவிட்டு வண்டியை அனுமதித்திருக்க வேண்டும், நாம் வண்டியை அனுமதித்துவிட்டு, விபத்து நடந்து, வண்டியை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் பாதையை வேகமாகப் போட ஆரம்பித்தோம். 2030க்குள் சைக்கிள் பாதையை 1,300 கிலோமீட்டராக்குவது திட்டம். அந்தப் பாதைகள் 2016இலேயே இருந்திருந்தால் அந்த ஆண்ட்டி தூணுக்குப் பின்னால் நின்றிருக்கவும் மாட்டார், தவணை கட்டிய அந்தத் தம்பிக்கு ஒரே இரவில் பிழைப்பு போயிருக்கவும் செய்யாது. இருவரும் ஒருவரை ஒருவர் எதிரியாகப் பார்த்ததுதான் எனக்கு வருத்தம். பேருந்து நிறுத்தத்தில் உணவுப் பையைச் சுமந்து நின்ற பையன்களைக் கேமராவில் பிடித்து இணையத்தில் போட்டுக் கேவலப்படுத்தினார்கள். அந்த வீடியோக்களை இன்று பார்த்தாலும் மனசு கஷ்டப்படுகிறது.

நடைபாதையில் மறுபடி அனுமதி வர வாய்ப்பு உண்டா?

எனக்குத் தெரிந்து இல்லை, போக்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. 2025 ஜூலை முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் நடைபாதையை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள், சைக்கிள்கூட அங்கே போக முடியாது. அதனால் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது நடைபாதையை அல்ல, உங்கள் வட்டாரத்தில் பாதியில் நிற்கும் சைக்கிள் பாதையை. எந்தப் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் அறுந்து நிற்கிறது, எந்தச் சாலைக் கடப்பில் இறங்க வேண்டியிருக்கிறது என்று படமெடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு ஆணையத்துக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியையும் சேர்த்துக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், அந்தப் பாதை வந்தால் அவருக்கும்தான் நல்லது.